தொட்டிக்குள்ளிருந்து தட்டியவர்

போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு வேலையாகப் போனவள், முன்பு வேலை பார்த்த மீன்கடைக்குள் எட்டிப் பார்த்தேன். மீன்கடை என்றால் குழம்பு வைக்கிற மீன் அல்ல, கண்ணாடித் தொட்டியில் வைத்து வேடிக்கை பார்க்கிற மீன். இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் என்னை நாற்காலியில் உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவருடைய கைப்பேசி கூவியது. செராஸில் ஒரு வீட்டுத் தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் சூடேறிவிட்டதாம். தொட்டியே செய்தி அனுப்புகிறது. அவர் திரையைத் தொட்டார், செராஸில் விசிறி ஓட ஆரம்பித்துவிட்டது என்றார்.

"உங்க காலத்துல தொட்டில பிரச்சினைன்னா எப்படி ஆன்டி தெரியும்?" என்று கேட்டார்.

"கஸ்டமர் போன் போட்டு அழுவாங்க," என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அழுவார்கள். அதையெல்லாம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை, எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் அந்தக் கடையில் கல்லாவில் உட்காரத்தான் சேர்ந்தேன். வீடுகளில் கடல்நீர்த் தொட்டி வைப்பது அப்போது புதுப் பழக்கம். பவளம், பூப்போல விரிகிற கடல்சாமந்தி, அதற்குள் படுத்துக்கொள்கிற ஆரஞ்சு வண்ணக் கோமாளி மீன் என்று கூடத்துக்குள் ஒரு துண்டுக் கடலைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அதைச் சாகாமல் பார்த்துக்கொள்ள எங்கள் கடையிலிருந்து வாரம் ஒருமுறை ஆள் போகும். ஒருநாள் பங்சாரில் ஒரு வீட்டு அம்மா, கணவர் இல்லாத நேரத்தில் ஆண்களை உள்ளே விடமாட்டேன் என்று கதவைத் திறக்கவில்லை. வாளியும் குழாயுமாகப் போன இரண்டு பேரும் திரும்பி வந்து நின்றார்கள். முதலாளி கடையில் இருந்த ஒரே பெண்ணைப் பார்த்தார். மறுநாள் வாளி என் கையில் இருந்தது.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பவளம் கல்லும் இல்லை, செடியும் இல்லை, வாயும் வயிறும் உள்ள உயிர் என்பது மண்டையில் ஏறவே எனக்குச் சில மாதம் பிடித்தது. மற்றதெல்லாம் தொட்டிக்குத் தொட்டி கற்றுக்கொண்டது. கையில் சோப்பு வாசனையோடு தண்ணீரைத் தொடக்கூடாது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை ஊற்றினால் தொட்டி ஊறுகாய் ஜாடியாகிவிடும். மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றக்கூடாது, வாரம் கொஞ்சமாக எடுத்துக் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே சூடு. நம் ஊர் வெயிலில் பவளம் வெளுத்துப் போகும். தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம் வாங்க எல்லோராலும் முடியாது. செராஸில் ஒரு குடும்பம் படுக்கையறையில் இருந்த ஏர்கானைக் கழற்றிக் கூடத்தில் தொட்டிக்கு எதிரே மாட்டிவிட்டு, அப்பா அம்மா பிள்ளைகள் எல்லோரும் தொட்டிக்கு முன்னால் பாய் விரித்துப் படுத்தார்கள். மீன்கள் புண்ணியத்தில் எங்களுக்கும் குளிர்ச்சி என்று அந்த அம்மா சொல்லிக்கொள்வார்.

என் பெயர் பரிமளம். நாள் முழுக்க உறையவைத்த இறாலையும் கணவாயையும் நறுக்கி மீன்களுக்கு ஊட்டிவிட்டு மாலை மினிபஸ்ஸில் ஏறினால், எவ்வளவு கூட்டத்திலும் எனக்கு உட்கார இடம் கிடைக்கும். பக்கத்து இருக்கையும் காலியாக இருக்கும்.

என் முதலாளி மிஸ்டர் லோவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சீனர். அவருடைய அப்பா காப்பார் பக்கம் தமிழர்கள் வேலை செய்த ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். அதனால் லோ தமிழிலேயே வளர்ந்தவர். ஒல்லியாக, எப்போதும் ஈரமான சட்டைக் கையோடு இருப்பார், பேச்சில் நம் ஊர் 'லா' ஒட்டிக்கொண்டே வரும். அவர் எந்த மனிதரையும் நேராகத் திட்டி நான் பார்த்ததில்லை. திட்ட வேண்டியதையெல்லாம் மீனிடம் சொல்வார். நாம் தப்பு செய்திருந்தால், நம்மைப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் குனிந்து, கோமாளி மீனைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார். "உனக்கு நல்ல ஆளா அனுப்பணும்னுதான் நெனச்சேன் லா. என்ன பண்றது, கிடைச்ச ஆளு இது. நீ கொஞ்சம் பொறுத்துக்க." மீன் வாயைத் திறந்து திறந்து மூடும். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். நமக்கு அந்த இடத்திலேயே தரைக்குள் போய்விடலாம் போலிருக்கும்.

வாடிக்கையாளர்களுக்கும் அதே வைத்தியம்தான். நாங்கள் போர்ட் டிக்சன் கடலிலிருந்து தெளிந்த தண்ணீரை நீல டிரம்மில் பிடித்து லோரியில் கொண்டுவருவோம். காப்பாரில் ஒருவர், கடல் என் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கும்போது போர்ட் டிக்சன் எதற்கு என்று தானே வாளி வாளியாக மொண்டு வந்து ஊற்றிவிட்டார். அந்தக் கரை முழுக்கச் சேறு. தொட்டி பால் தேநீர் நிறத்தில் இருந்தது, கையை விட்டால் விரல் தெரியவில்லை. லோ அந்தத் தொட்டிக்கு முன்னால் குனிந்து, "எல்லாருக்கும் தே தாரிக் போட்டிருக்காங்க. சீனி போதுமான்னு பாருங்க," என்று உள்ளே எங்கேயோ இருந்த மீன்களிடம் சொன்னார். வீட்டுக்காரர் அன்றைக்கே எங்கள் லோரியை வரச்சொன்னார்.

இனி கிள்ளானுக்கு வருகிறேன். என்னால் மறக்க முடியாத தொட்டி அங்கேதான் இருந்தது.

மெய்யம்மை ஆச்சி வீடு. ஆச்சியின் கணவர் ஜவுளி வியாபாரம் செய்து நல்ல பெயரோடு வாழ்ந்து காலமானவர். அவருக்குப் பிறகு மகன் சொக்கலிங்கம் கடையைப் பார்த்துக்கொண்டார். மகள் வள்ளி வங்கியில் வேலை. சொக்கலிங்கம் ஏதோ ஹோட்டலின் முன்கூடத்தில் பவளத்தொட்டியைப் பார்த்து மயங்கி, தன் வீட்டிலும் ஒன்று வைத்தார். கண்ணாடி மெலிதாக இருக்கிறது, கனமானது வாங்குங்கள் என்று லோ எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எங்கேயோ பழைய தொட்டி ஒன்று கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் சொக்கலிங்கம் கேட்கவில்லை. அதைக் கூடத்தில், அப்பாவின் மாலை போட்ட படத்துக்கு நேர் கீழே வைத்தார். வேறு இடத்தில் மின்சாரப் பிளக் இல்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தப் பிளக்தான் காரணம்.

ஆச்சிக்கும் எனக்கும் முதலில் ஒட்டவில்லை. மீன் கவுச்சியோடு கூடத்துக்குள் வருகிறவளை அவர் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பார். எங்களைச் சேர்த்துவைத்தது சுண்ணாம்பு. பவளம் வளர்வதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்து, ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றுவது போலச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் அத்தனையும் காலி. ஒருநாள் கொண்டுவந்த சுண்ணாம்பு தீர்ந்துபோய் நான் விழித்துக்கொண்டிருந்தபோது, ஆச்சி தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து வெள்ளைச் சுண்ணாம்பை நீட்டினார். இதில் வேறு ஒன்றும் கலக்கவில்லையே என்று கேட்டேன். கலப்படச் சுண்ணாம்பு போடுகிற குடும்பம் இல்லை என்றார். அன்றிலிருந்து அந்தத் தொட்டிக்கு ஆச்சிதான் சுண்ணாம்பு. மீன்களுக்கும் வெற்றிலைப் பழக்கம் உண்டு என்று அவர் கடைசிவரை நம்பினார் என்றே நினைக்கிறேன்.

தொட்டி நன்றாக இருந்தது. சாமந்தி விரிந்தது, மூளைப்பவளம் உப்பியது. இன்னும் அழகாக இருக்கட்டும் என்று சொக்கலிங்கம் எங்கள் கடையிலிருந்து ஒரு பெரிய பாறை வாங்கி உள்ளே வைத்தார். கடலுக்குள்ளிருந்து அப்படியே எடுத்து வருகிற பாறை அது, பொந்தும் ஓட்டையுமாக, நுண்ணுயிர்கள் குடியிருப்பது. தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அந்தப் பொந்துகளில் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

பாறை வந்த சில நாளில் நத்தைகள் காணாமல் போயின. பாசியைத் தின்று கண்ணாடியைச் சுத்தம் செய்வதற்காக நான் விட்ட நத்தைகள். ஓடுகள் மட்டும் தேங்காய் உடைத்த மாதிரி கிடந்தன. பிறகு ஒரு நண்டு. பிறகு சின்ன நீல மீன் ஒன்று. நான் தண்ணீரின் உப்பைப் பார்த்தேன், சூட்டைப் பார்த்தேன், பம்ப்பைக் கழற்றி மாட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. கடையில் போய்ச் சொன்னபோது லோ கோமாளி மீனிடம், "யாரோ ஒருத்தன் சாப்பிடறான். இவங்க பம்ப்பைக் கழுவிட்டு வர்றாங்க," என்றார்.

அடுத்த வாரம் போனபோது வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். வள்ளி என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள். சாப்பாட்டு வேளையில் கூடத்தில் தட்டுகிற சத்தம் கேட்கிறதாம். டக் என்று, யாரோ மரப்பெட்டியில் விரலால் தட்டுவது போல. சத்தம் வருவது அப்பாவின், அவள் பேச்சில் அப்பச்சியின், படத்துக்குக் கீழிருந்து. அப்பா இருந்த காலத்தில் சாப்பாடு தாமதமானால் மேசையை அப்படித்தான் தட்டுவாராம். ஆச்சிக்கு அது போதுமானதாக இருந்தது. படத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு என்றால் வேண்டாம், அதற்கு மேல் போனால் யோசிக்கிறார் என்று கணக்கு.

அந்தக் கணக்கில் வீட்டில் பல முடிவுகள் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தன. அப்பாவின் பழைய வெள்ளைக் காரை விற்றுவிட்டார்கள். திரைச்சீலை பச்சையாக மாறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி நிறுத்தப்பட்டிருந்தது. சொக்கலிங்கம் அதை என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

வள்ளிக்குத்தான் பெரிய அடி. பண்டமாரானில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் வேலை பார்த்த கண்ணப்பனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையனுடைய வீடு செராஸில், அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். உறவுக்காரர்கள்தான். ஆனாலும் மாதச் சம்பளக்காரர்கள், கடை கண்ணி கிடையாது என்று ஆச்சிக்கு ஒரு தயக்கம். தயக்கத்தைப் படத்திடம் கேட்டார். டக், டக் என்று பதில் வந்துவிட்டது. இனி இந்தப் பேச்சை எடுக்காதே என்று மகளிடம் சொல்லிவிட்டார். வள்ளி அழுது, இன்னொரு முறையாவது கேளுங்கள் என்று கெஞ்சி, பையன் வீட்டார் வந்து போகட்டும், அவர்கள் முன்னாலேயே கேட்டுவிடுகிறேன் என்பதுவரை அம்மாவைக் கொண்டுவந்திருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு.

நான் கூடத்துக்கு வந்தேன். சத்தம் தொட்டிக்குள்ளிருந்துதான் வர வேண்டும் என்று தோன்றியது. சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் தம்ளரை எடுத்து, வாயைக் கண்ணாடியில் வைத்து அடியில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தம்ளரை நகர்த்திக்கொண்டே போனேன். நிமிர்ந்தபோது ஆச்சி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சொல்றாக?" என்று கேட்டார்.

நான் தம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஆச்சி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அன்றைக்குத்தான் முதல் முறையாக என்னோடு உட்கார்ந்து பேசினார்.

"இருக்கும்போது ஏதாச்சும் கேட்டா பேப்பரைப் படிச்சுக்கிட்டே 'ம்'பாக. சரிங்கிறாகளா வேணாங்கிறாகளான்னு ஒண்ணும் புரியாது. இப்பத்தான் நல்லாப் பதில் சொல்றாக."

அவர் முகத்தில் அவ்வளவு நிறைவு. நான் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, மீன்களுக்கு உணவு போடக் குனிந்தேன். இறால் துண்டு தண்ணீருக்குள் இறங்கியது. அப்போது புதுப் பாறையின் பொந்துக்குள்ளிருந்து இரண்டு கண்கள் வெளியே வந்தன. காம்பின் மேல் வைத்த கண்கள். ஒன்று என்னைப் பார்த்தது, இன்னொன்று ஆச்சியைப் பார்த்தது. பொந்திலிருந்து ஏதோ ஒன்று வெளியே பாய்ந்து துண்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனது. டக். ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டார்.

கடைக்கு ஓடி வந்து லோவிடம் சொன்னேன். கண்ணைப் பற்றிச் சொன்னதுமே அவர் கையிலிருந்த வலை நின்றுவிட்டது. காப்பார் பாசாரில், அதாவது சந்தையில், மீனவர்கள் அதை ஊடாங் லிப்பான் என்பார்கள், பூரான் இறால் என்று அர்த்தம். பாறையில் ஒளிந்து வருகிறவற்றில் ஒருவகை நகத்தால் கிழிக்காது, குத்துச்சண்டைக்காரன் மாதிரிக் குத்தும். நத்தை ஓடு, நண்டு ஓடு எதுவும் நிற்காது. மீனவர்கள் அதைக் கையால் எடுக்க மாட்டார்கள். மெல்லிய கண்ணாடியாக இருந்தால் அதுவும் போகும் என்று சொல்லிவிட்டு, முதல் முறையாக என்னை நேராகப் பார்த்துப் பேசினார்.

"அதை எடுத்துடு லா. சீக்கிரம்."

ஒரு பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு வைத்தால் புனல் மாதிரி ஆகும். உள்ளே போகிற பிராணி வெளியே வர வழி தெரியாமல் நிற்கும். அதைச் செய்து கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் உள்ளே கோமாளி மீன் உட்கார்ந்திருந்தது, இறால் துண்டைக் காணவில்லை. மறுபடி வைத்தேன். மறுபடியும் கோமாளி மீன். மூன்றாம் முறை அது தானாகவே உள்ளே போய்க் காத்திருந்தது.

பாறையையே வெளியே எடுத்துவிடலாம் என்றால் வள்ளி விடவில்லை. அவளிடம் நான் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு யோசித்தாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்க்கா. எடுத்துட்டா சத்தமே வராது. அப்பச்சிக்குக் கோவம்னு ஆத்தா முடிவு பண்ணிடும். ஒரே ஒரு தட்டு தட்டட்டும், அப்புறம் எடுத்துக்கிட்டுப் போங்க."

அது எண்ணித் தட்டுகிற ஜந்து இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றும் சொன்னேன். நீங்கள் சொல்வீர்களா என்று திருப்பிக் கேட்டாள். தம்ளரோடு நின்ற அன்றைக்கு ஆச்சியின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை விருந்தினர் போனதும் பாறையோடு தூக்கிவிடுவது என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை மாலை வாளியோடு நான் கூடம் தெரியும்படி சமையலறை வாசலில் காத்திருந்தேன். பையன் வீட்டார் வந்தார்கள். கண்ணப்பன் நல்ல உயரம், பயத்தில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுடைய அம்மா மாம்பழ நிறப் பட்டுப் புடவையில் அசையாமல் இருந்தார். அப்பா அண்ணாமலை பருமனான மனிதர், எதைப் பார்த்தாலும் பாடம் நடத்துவது போல விளக்கம் சொல்வார். கொழுக்கட்டை, காப்பி எல்லாம் ஆனது. பேச்சு ஓய்ந்ததும் ஆச்சி எழுந்து படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"நம்ம வள்ளியைச் செராஸ்ல குடுக்கலாமா? சொல்லுங்க."

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். நானும் வள்ளியும் பாறையைப் பார்த்தோம். ஒரு சத்தமும் இல்லை. அண்ணாமலை தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரிடம் கேட்கிறீர்கள் என்று மரியாதையாக விசாரித்தார். பதில் வருமுன், வள்ளி மேசையிலிருந்த முந்திரிப்பருப்பு ஒன்றைச் சத்தமில்லாமல் தொட்டியில் போட்டாள். அவளுக்குத் தோன்றிய வழி அது. அது பாறையில் பட்டு உருண்டு முன்பக்கக் கண்ணாடியோரம் விழுந்தது.

பூரான் இறாலுக்கு முந்திரி பிடிக்குமா என்று நான் படித்ததில்லை. அது வெளியே வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாம்பழப் பட்டு தெரிந்ததா, அல்லது தன் நிழலையே எதிரி என்று நினைத்ததா தெரியவில்லை, குத்த ஆரம்பித்தது. டக். ஆச்சியின் முகம் மலர்ந்தது. டக், டக். முகம் மாறியது. டக், டக், டக், டக். அவ்வளவு தட்டுக்கு அந்த வீட்டில் கணக்கு எதுவும் வைத்திருக்கவில்லை. ஆச்சி விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருக்கும்போதே வேறொரு சத்தம் கேட்டது. மெல்லிய, நீளமான சத்தம். கண்ணாடியின் கீழ்மூலையிலிருந்து ஒரு கோடு மேலே ஏறியது. அதன் வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அண்ணாமலையின் மடியில் விழுந்தது.

முதலில் செய்ய வேண்டியது மின்சாரத்தை நிறுத்துவது. நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணப்பன் மெயின் சுவிட்சைத் தேடி ஓடினான். விளக்கு, பம்ப், விசிறி எல்லாம் நின்றன. இரண்டாவது, விரிசலை அடைப்பது. ஆச்சி சமையலறைக்குள் போய் மிச்சமிருந்த கொழுக்கட்டை மாவை உருண்டையோடு கொண்டுவந்து பக்கத்தில் நின்ற அண்ணாமலையின் கையில் வைத்தார். அவர் மாவைக் கோட்டின் மேல் அப்பி, இரண்டு உள்ளங்கையையும் விரித்து அழுத்திக்கொண்டு நின்றார். தண்ணீர் பீய்ச்சுவது குறைந்து கசிவாக ஆனது. கையை எடுத்தால் மாவு விழுந்துவிடும். அப்படியே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு நான் கடைக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்றார் லோ. அந்த நேரத்து நெரிசலில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு வருவது சாதாரண விஷயமில்லை.

மூன்றாவது, பழைய தண்ணீரைக் காப்பாற்றுவது. பவளத்துக்குப் பழகிய தண்ணீர் வேண்டும், திடீரென்று புதுத் தண்ணீரில் போட்டால் சுருண்டுவிடும். வள்ளியும் சொக்கலிங்கமும் அண்டா, குண்டான், முறுக்கு டின், வள்ளியைக் குழந்தையில் குளிப்பாட்டிய பழைய தொட்டி எல்லாவற்றையும் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். மொண்டு மொண்டு ஊற்றினோம். நான் ஒவ்வொரு பவளமாக, வழவழப்பு போகாமல் அடிப்பாறையைப் பிடித்து எடுத்து நீட்டினேன். வாங்குவதற்கு ஒரு கை வந்தது. பார்த்தால் கண்ணப்பனின் அம்மா. மாம்பழப் பட்டை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, தரையில் ஓடுகிற தண்ணீரில் நின்றபடி, மூளைப்பவளத்தைக் கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கினார்.

"தலையை எந்தப் பக்கம் வைக்கணும்?" என்று கேட்டார். அதற்குத் தலை இல்லை என்றேன். பாவம் என்றார்.

உப்புத் தண்ணீர் கண்ணில் படாமலிருக்க அண்ணாமலை முகத்தைத் தொட்டியிலிருந்து திருப்பி, பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி நின்றார். கையை எடுக்க முடியாத மனிதர், வந்த காரியத்தையாவது பார்ப்போம் என்று நினைத்தார் போலும். நாங்கள் மொண்டுகொண்டிருக்கும்போதே சுவரைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். தன் பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது, பெண் வேலைக்குப் போவதில் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை, நகை நட்டு என்று ஒன்றும் கேட்கப் போவதில்லை என்று வரிசையாகச் சொன்னார். நடுவில் மூக்கு அரித்தபோது கண்ணப்பன் போய்ச் சொறிந்துவிட்டான். ஆச்சி ஒரு குண்டானில் மஞ்சள் மீனைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாகப் பெரிய பாறை. கையை வைக்காதீர்கள் என்று நான் கத்தினேன். கண்ணப்பன் இரண்டு துண்டை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு பாறையைத் தூக்கி அலுமினிய அண்டாவுக்குள் இறக்கினான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அண்டாவுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டங்.

எல்லோரும் நின்றார்கள். ஆச்சி குண்டானைக் கீழே வைத்துவிட்டு வந்து அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். பச்சை உடம்பும் சிவப்புக் காலுமாக, உள்ளங்கை நீளத்தில், அது பொந்து வாசலில் நின்று இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சுழற்றியது. ஆச்சியைப் பார்த்து இன்னொரு முறை தட்டியது. டங்.

ஆச்சி அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றார். வள்ளி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ, அந்த அம்மாவுக்கு வீட்டில் பேச்சுத் துணையாக இருந்ததே இந்தச் சத்தம்தான், அதையும் அண்டாவில் போட்டுக் காட்டிவிட்டோமே என்று இருந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

பாறையோடு வந்தது என்றேன்.

"அப்ப காரை விக்கச் சொன்னது இந்த எறாலா?"

"ஆமா ஆச்சி."

சொக்கலிங்கம் மெதுவாக முன்னால் வந்தார். "ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறி வேணாம்னது?"

"அதுவும் இதுதான் அண்ணே."

"நத்தை, நண்டு ஒண்ணு விடாமத் தின்னுட்டு, எனக்குக் கறி வேணாம்னு சொல்லியிருக்கு," என்றார் சொக்கலிங்கம். அவருக்கு அது தாங்கவில்லை.

ஆச்சியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து வள்ளி ஓடிப்போய்ப் பிடித்தாள். அழவில்லை. சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு நிமிர்ந்து கணவரின் படத்தைப் பார்த்தார். "இவுக எப்பவும் போலப் பேசாமத்தான் இருந்திருக்காக," என்றார்.

அந்த நேரத்தில் லோ உள்ளே வந்தார், பின்னால் டிரம்களோடு இரண்டு பேர். கூடம் முழுக்க அண்டாவும் குண்டானும், முழங்காலுக்குப் பட்டைத் தூக்கிய அம்மாவும், சுவரைப் பார்த்து நிற்கிற பெரிய மனிதருமாக இருந்ததைப் பார்த்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. முறுக்கு டின்னில் இருந்த கோமாளி மீனிடம் குனிந்து, "நல்ல இடத்துல தான் லா மாட்டியிருக்க. இவ்வளவு பேர் உன்னைத் தூக்கியிருக்காங்க," என்றார். அவர் யாரையாவது பாராட்டி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பவளத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றிரண்டு சுருங்கியிருந்தன, மற்றவை பிழைக்கும் என்றார். பிழைத்தன.

ஆச்சி வெறும் தொட்டியைப் பார்த்தார். அதற்கு முன்னால் அண்ணாமலை இன்னும் சுவரைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் மாவை அழுத்திக்கொண்டு, பையனின் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் அருகில் போனார்.

"கையை எடுங்க சம்பந்தி," என்றார். "தொட்டில தண்ணி எப்பவோ தீந்துபோச்சு."